ஓட்வாரைப் பார்க்க வந்தவர்கள்

1

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் போன் நாள். நார்வேயின் மேற்குக் கரையில் இந்த மாதத்தில் காலை ஒன்பது மணிக்கும் விடிந்திருக்காது. அந்த நேரம் பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் என் அண்ணன் வீட்டில் மத்தியானம். சர்ச் முடிந்து வந்து, மீன் குழம்பின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

"எல்லாரும் சுகமா இருக்கியளா?"

"ஆமா மக்கா. இங்க ஒரு குறையும் இல்ல. நீங்க சுகமா?"

"சுகம்."

இப்படி ஒரு ஞாயிறு அல்ல, வருடக்கணக்கில். யாருக்காவது கால் ஒடிந்திருக்கும், யாருக்காவது ஆபரேஷன் முடிந்திருக்கும், வாரம் தவறாமல் ஒரு குறையும் இல்லை என்பார்கள். கட்டுப் பிரித்து, எழுந்து நடமாடிய பிறகுதான் போகிறபோக்கில் நமக்குச் செய்தி வரும். "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டால் "நீ அங்க கெடந்து என்ன செய்யப் போற, வெறுதே மனசு வேதனைப்படத்தானே" என்பார்கள். வெளிநாட்டில் இருக்கிற எவனுக்கும் இது தெரியும். நானும் இதைப் பாசம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். பாசம்தான், இல்லை என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

போன ஞாயிறு என் மகள் ஜெஸ்லின் போனை வாங்கி ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அந்தக் கேள்வியைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஓட்வாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைப் படித்து ஊரில் என் சொந்தக்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

2

நான் இங்கே ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வரைபடம் போடுகிற வேலைக்கு வந்தேன். வந்த புதிதில் பனியையும் இருட்டையும் எப்படியோ சகித்துக்கொண்டேன். 'நீ' என்ற சொல்தான் என்னைப் படுத்தியது. இந்த மொழியில் மேலதிகாரியும் நீ, பாதிரியாரும் நீ, பல் போன கிழவரும் நீ. எழுபது வயதுக்காரரை நீ என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சொல் வராமலே வாக்கியத்தை எப்படியாவது சுற்றி வளைத்து முடிப்பேன். கேட்டவர்கள் என்னைத் திக்குவாயன் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாவது படுத்தல் இவர்களுடைய டாக்டர்கள். எனக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்த அம்மாள், நாளைக்கு மழை வரும் என்கிற குரலில் சொன்னார்: "இப்படியே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் உன் கால் போகும், அதற்குப் பிறகு கண் போகும்." கூட வந்த என் மனைவியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரில் என்றால் டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் பேசியிருப்பார். நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த அம்மாளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஓட்வார் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மனைவி இறந்துபோய்த் தனியாக இருந்தார். ஒரே மகள் இங்ரித், இங்குள்ள மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். இளவயதில் ஓட்வார் சரக்குக் கப்பலில் மாலுமி. சூயஸ் தாண்டிக் கொழும்புப் பக்கம் பலமுறை போயிருக்கிறார். நான் கன்னியாகுமரி ஜில்லாக்காரன் என்று தெரிந்த அன்று பழைய கடல் வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, அதன் கடைசி முனையில் விரலை வைத்தார்.

"இந்தக் கலங்கரை விளக்கை இரவில் கடலிலிருந்து பார்த்திருக்கிறேன். கப்பல் ஒருமுறைகூட நிற்கவில்லை. விளக்குக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று அப்போதெல்லாம் யோசிப்பேன்."

"எங்கள் ஆட்கள்தான் இருக்கிறார்கள். வாருங்கள், பார்க்கலாம்" என்றேன். நம் ஊர் வாய். சொல்லிவிட்டு நான் மறந்துபோனேன். அவர் மறக்கவில்லை.

3

2012-ன் தொடக்கத்தில் நான் லீவில் ஊருக்குப் போனபோது அவரும் கூட வந்தார். கன்னியாகுமரியில் லாட்ஜ் போடலாம் என்றுதான் இருந்தோம். என் அண்ணன் தேவதாஸ் விடவில்லை. அண்ணன் கீரிப்பாறை ரப்பர் தோட்ட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. "நம்ம வீட்டுக்கு வந்த ஆளு லாட்ஜில கெடக்கவா? ஊருல நான் தலை நிமிந்து நடக்காண்டாமா?" என்று முன்னறையை ஒழித்துக் கட்டில் போட்டுவிட்டார். மைனி, அதாவது அண்ணன் மனைவி ரோஸ்லெட், வெள்ளைக்காரர் வயிற்றுக்கு ஆகாதென்று வீட்டில் மிளகாய் அரைப்பதையே நிறுத்திவிட்டாள்.

அண்ணனுக்குத் தெரிந்த ஆங்கிலம் ஆபீஸ் ஃபைலில் எழுதுகிற ஆங்கிலம். ஓட்வாருக்குத் தெரிந்தது துறைமுக ஆங்கிலம். இரண்டையும் வைத்துக்கொண்டு இருவரும் நாள் முழுக்கப் பேசினார்கள். தோட்ட பஸ்ஸில் ஏறிக் கீரிப்பாறைக்குப் போய் ரப்பர் பால் வெட்டுவதைப் பார்த்தார்கள். சாயங்காலம் கன்னியாகுமரிக்குப் போய் விளக்கைக் கீழே நின்று பார்த்தார்கள். என் லீவு முடிந்தது. "ஒரு மாதம் கூடுதலாக இருந்துவிட்டு வருகிறேன், உன் அண்ணன் விடமாட்டேன் என்கிறார்" என்று ஓட்வார் வெட்கத்தோடு சொன்னார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நார்வேயில் நான் பார்த்ததில்லை. நான் மட்டும் திரும்பினேன்.

4

இனிச் சொல்வது எனக்குப் பிறகு தெரிந்தது.

நான் கிளம்பிச் சில நாளில் ஓட்வாருக்குச் சாப்பாடு செல்லவில்லை. கண் மஞ்சளித்தது. அண்ணன் அவரை நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அண்ணனைத் தனியாக அழைக்கக்கூட இல்லை. மொழி தெரியாத நோயாளிக்கு முன்னால் கதவு சாத்த வேண்டிய அவசியம் இல்லையே. ஓட்வார் நடுவில் உட்கார்ந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே தமிழில் பேசினார்கள்.

"ஈரல்ல புற்று. முத்திப்போச்சு. ஊருக்கு அனுப்பணும்னா இப்பவே அனுப்புங்க. பெறவு பிளேன்ல போக முடியாது."

ஓட்வார் "என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஜாண்டிஸ்" என்றார் அண்ணன். "ரெஸ்ட். ஆல் ரைட்."

டாக்டரும் சிரித்துக்கொண்டே ஓட்வாரின் தோளைத் தட்டினாராம்.

அண்ணன் கெட்டவர் அல்ல. அவருடைய கணக்கு இதுதான்: சொன்னால் மனுஷன் மனசு விட்டுவிடுவார், மனசு விட்டால் இருக்கிற நாளும் போய்விடும். எனக்குச் சொன்னால் நான் இங்ரித்திடம் சொல்வேன், அவள் தனியாக இருக்கிற பிள்ளை, தாங்க மாட்டாள். ஊருக்கு அனுப்பலாமென்றால், நம்பி வந்த விருந்தாளியை நோயும் தீனமுமாய் வண்டி ஏற்றிவிடுவதா? ஓட்வாரின் பையில் பயண இன்சூரன்ஸ் அட்டை இருந்தது. அதில் உள்ள நம்பருக்குக் கூப்பிடலாமா என்று மைனி கேட்டிருக்கிறாள். "கூப்பிட்டா அவனுவ வந்து தூக்கிட்டுப் போயிருவானுவ. ஆளில்லாத வீட்டுல கெடந்து சாவவா? வேண்டாம். நாம ஜெபிப்போம்" என்று அண்ணன் அடக்கிவிட்டார்.

பார்த்தார்கள், அப்படிப் பார்த்தார்கள். மைனி கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். அண்ணன் தினமும் இளநீர் வெட்டிவந்தார். கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தார். குளிப்பாட்டினார், கால் பிடித்தார். சர்ச்சில் ஜெபக் குழு முறை வைத்து ஜெபித்தது. கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவருகிற அக்காகூட மீனை மைனியிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாக அவரை எட்டிப் பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாளாம்.

அவளுக்கும் தெரியும். டீக்கடைக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக்குத் தெரியும், ஊர் முழுக்கத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எங்கள் ஊரில் அதைக் கூட்டமாகச் சேர்ந்து மறைப்பார்கள்.

அதனால் ஆட்கள் பார்க்க வந்தார்கள். நம் வழக்கம் தெரியுமே. சாகக் கிடக்கிறவரை வெறுங்கையோடு பார்க்கப் போகக்கூடாது. ஆரஞ்சு, ஆப்பிள், ரொட்டி. கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். கால்மாட்டில் கொஞ்ச நேரம் நிற்பார்கள். யாரும் அதிகம் பேச மாட்டார்கள். போய்விடுவார்கள்.

ஓட்வார் மகளிடம் போனில் சொல்லியிருக்கிறார்: "சாதாரண மஞ்சள் காமாலை, குறைந்துகொண்டு வருகிறது. இந்த ஜனங்களை நீ பார்க்க வேண்டும், இங்ரித். தெரியாதவர்களெல்லாம் பழம் கொண்டுவருகிறார்கள். மேசையில் இடமில்லை."

5

மூன்று வாரம் கழித்து அண்ணன் என்னை ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டார்.

"லேய், ஓட்வாருக்குக் கொஞ்சம் தளர்ச்சியா கெடக்கு. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போனா கொள்ளாம்."

தளர்ச்சிக்கு யாரும் நார்வேயிலிருந்து ஆளைக் கூப்பிட மாட்டார்கள்.

"உயிரோட இருக்காரா அண்ணே?"

"இருக்காரு, இருக்காரு."

"என்ன தீனம்? உள்ளதைச் சொல்லுங்க."

அண்ணன் போனை மைனியிடம் கொடுத்துவிட்டார். மைனி அழுதாள். அழுகைக்கு நடுவில் எல்லாம் வெளியே வந்தது.

மருந்துக்கடைக்கு ஓடினேன். இங்ரித் வெள்ளை அங்கியோடு யாருக்கோ மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். என் ஊர்த் தமிழில் என்றால் பத்து வாக்கியம் சுற்றியிருப்பேன். எனக்குத் தெரிந்த நார்வே மொழியில் சுற்ற வழியில்லை. "உன் அப்பாவுக்கு ஈரலில் கேன்சர். செத்துக்கொண்டிருக்கிறார்."

"எப்போதிலிருந்து தெரியும்?"

"எனக்கு இன்றைக்கு. அவர்களுக்கு மூன்று வாரமாக."

அவள் அங்கியைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தாள். மடிப்பைத் திரும்பத் திரும்பச் சரி செய்தாள்.

அவளுக்கு விசா வேண்டும். விண்ணப்பம், இரண்டு போட்டோ, போட்டோவின் அளவு சரியில்லை, புது போட்டோ, ஓஸ்லோவுக்குப் பயணம், பரிசீலனைக்குச் சில வேலை நாட்கள், நடுவில் சனி ஞாயிறு. அலுவலகத்தார் மேல் குறை சொல்ல மாட்டேன், விதிப்படி நடந்தார்கள். வீணாய்ப்போன அந்த மூன்று வாரத்தில் இதெல்லாம் நிதானமாக முடிந்திருக்கும். என்னுடையது இந்தியப் பாஸ்போர்ட். "அப்பா போனை எடுப்பதில்லை. நீ போ. நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்" என்றாள்.

திருவனந்தபுரத்தில் இறங்கி, கார் பிடித்து வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் பட்டது ஆரஞ்சு வாசனை. ஓட்வார் பாதி ஆளாகியிருந்தார். ஆங்கிலம் அவரை விட்டுப் போய்விட்டிருந்தது. இரண்டு நாளாக அவர் தன் மொழியிலேயே பேசுகிறார், யாருக்கும் ஒன்றும் புரியவில்லை என்று மைனி சொன்னாள். என்னைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது.

"நல்லவேளை வந்தாய். இவர்களிடம் கேட்டுச் சொல். இது மஞ்சள் காமாலைதானா?"

அண்ணன் எனக்குப் பின்னால் இளநீர் டம்ளரோடு நின்றிருந்தார். வார்த்தை புரியாவிட்டாலும் கேள்வி அவருக்குப் புரிந்துவிட்டது. என் முதுகில் விரலால் குத்தினார். "சொல்லாண்டாம். லேய், சொல்லிராத."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அதுவரை ஓட்வாரை நான் 'நீ' என்று கூப்பிட்டதே இல்லை. அன்றைக்குக் கூப்பிட்டேன். "உனக்குக் கேன்சர். நேரம் அதிகம் இல்லை."

"இவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பழம் கொண்டுவந்தவர்களுக்கு?"

தலையை ஆட்டினேன்.

அவர் மேசையைப் பார்த்தார். ஆரஞ்சுகளையும் ரொட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு "இங்ரித்?" என்றார். விசாவுக்காகக் காத்திருக்கிறாள் என்றேன். அண்ணன் டம்ளரை நீட்டினார். இத்தனை நாளும் அந்தக் கையிலிருந்து வாங்கிக் குடித்தவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

போன் போட்டு அவர் காதில் வைத்தேன். அப்பாவும் மகளும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எழுத மாட்டேன். நான் போனைப் பிடித்துக்கொண்டு இருந்ததால்தான் கேட்டேன்.

வெளியே வந்ததும் அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். "என்னலே சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன்."

"கொன்னுட்டியேலே, பாவி."

6

ஓட்வார் மறுநாள் இறந்தார். இங்ரித்துக்கு விசா கிடைத்த செய்தி அன்று சாயங்காலம் வந்தது.

ஆஸ்பத்திரியில் குளிர்பெட்டியில் வைத்திருந்து, அவள் வந்த பிறகு எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கினோம். ஊர் முழுவதும் வந்தது. அவள் அழாமல் நின்றதைப் பார்த்துப் பெண்கள் குசுகுசுத்தார்கள். வீட்டுக்கு வந்த பின், அப்பா படுத்திருந்த கட்டிலையும் கீழே கிடந்த அண்ணனின் பாயையும் பார்த்தாள். பாய் எதற்கென்று கேட்டாள். சொன்னேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நன்றி சொன்னாள். பிறகு என்னிடம், "இதை மட்டும் கேள். என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்றாள்.

அண்ணன் தேம்பிவிட்டார். "நீ ஒத்தைக்கு இருக்கிய பிள்ளே. கேட்டா தாங்க மாட்டியேன்னுதான்."

மொழிபெயர்த்தேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அதைத் தாங்கியிருப்பேன். இதைத்தான் தாங்க முடியவில்லை."

இதை நான் அண்ணனுக்கு மொழிபெயர்க்கவில்லை.

எங்கள் ஊரில் இன்றுவரை தீர்ப்பு ஒன்றுதான். நல்லா இருந்த மனுஷன், தம்பிக்காரன் வந்து சொன்னான், மறுநாள் போய்விட்டார். கேட்டால், பார்த்தீர்களா, சொல்லக்கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா என்கிறார்கள். அண்ணன் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகும் ஒருநாள், பாதி விளையாட்டாக, "நாளைக்கு எனக்கொரு தீனம் வந்தா இவனை வாசப்படி ஏத்தாத, கேட்டியா" என்று மைனியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வலித்தது.

இங்ரித் இன்றும் அதே மருந்துக்கடையில்தான் இருக்கிறாள். என் சர்க்கரை மாத்திரையை அவள்தான் எடுத்துத் தருகிறாள். உன் அண்ணன் எப்படி இருக்கிறார் என்று மறக்காமல் கேட்பாள். "நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள்" என்பேன். அவளும் அந்தப் பதிலைப் புரிந்துகொள்வாள்.

7

என் மகள் ஜெஸ்லின் இங்கே பிறந்தவள். அவளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். நம் முறை எதுவும் பிடிபடவில்லை. விருந்துக்கு வந்த மாமியிடம் "நீங்கள் ஏன் இவ்வளவு குண்டு?" என்று கேட்டு என் மானத்தை வாங்கியவள். பிள்ளை கைவிட்டுப் போய்விட்டாள் என்று நானும் மனைவியும் புலம்பாத நாள் இல்லை.

போன ஞாயிறு மைனிதான் போனை எடுத்தாள். ஒரு குறையும் இல்லை என்றாள்.

"அண்ணன் எங்க மைனி?"

"ஒறங்குதாவ. வெயில்ல அலைஞ்ச களைப்பு."

அதற்கு முந்தின ஞாயிறு ஏதோ சோலியாக வெளியே போயிருந்தார். அதற்கும் முந்தின ஞாயிறு குளித்துக்கொண்டிருந்தார். கேட்கத் தெரியாமல் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். ஜெஸ்லின் என் முகத்தைப் பார்த்தாள். போனை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"பெரியம்மா, பெரியப்பாக்கு என்ன நோய்?"

யாரும் அவளிடம் நோய் என்று சொல்லவில்லை. மைனி என்ன சொன்னாளோ, அவள் திரும்பி என்னைப் பார்த்து, போனைப் பொத்தக்கூடச் செய்யாமல், நார்வே மொழியில் சொன்னாள்: "பெரியப்பாவுக்கு வயிற்றில் கேன்சர். அப்பாவிடம் சொல்லாதே என்கிறார்கள்."

போனை வாங்கினேன்.

"மைனி, அண்ணனுக்குத் தெரியுமா?"

"அய்யோ, தெரியாது மக்கா. அல்சர்னு சொல்லி வச்சிருக்கு. உனக்கு கோடி புண்ணியம், நீ சொல்லிராத. ஓட்வாருக்கு ஆனது போல ஆயிரும். அவிய மனசு விட்டா நான் எங்கே போவேன்?"

அதற்குள் உள்ளறையிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. "ஆரு, தம்பியா? இங்க கொண்டா." மைனி ஏதோ சொல்லித் தடுத்தாள். "கொண்டான்னு சொன்னா கொண்டா."

குரல் மெலிந்திருந்தது. "லேய்."

"அண்ணே. சுகமா?"

"சுகம். நீ சுகமா?" என்று பழக்கத்தில் சொன்னவர் கொஞ்சம் மூச்சு வாங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மக்கா, ஒரு காரியம். ஒரு மாசமா ஆளுவ வாறானுவ. கால்மாட்டுல நிக்கானுவ. ஒரு வார்த்தை மிண்ட மாட்டேங்கானுவ. ஆரஞ்சு வைக்க மேசையில எடமில்லைலே."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"உனக்க மைனி அல்சருன்னு சொல்லுகா. எனக்கு என்னலே?"

ஜெஸ்லின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே இன்னும் விடியவில்லை.

"நான் வாறேன் அண்ணே" என்றேன்.

அவர் கேட்டதற்கு அதுவே பதிலாகிவிட்டது. மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"அந்த மனுஷன் முகத்தைத் திருப்பினாரே, அது எதுக்குன்னு இப்பத்தான்லே தெரியுது" என்றார். "செரி, வா. வந்து உனக்க வாயால சொல்லு. மைனிக்கு முன்னால வச்சு கேக்க மாட்டேன். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாண்டாம். அவ தாங்க மாட்டா."